வம்சத்துக் கண்

கண்ணு மாஸ்டர் பட்டறை எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். இரும்புக் கேட். உள்ளே நாலு கார் நிற்கிற முற்றம். நசுங்கின பம்பரும் கழற்றின கதவுகளும் சாய்த்து வைத்த சுவர். கோடியில் பத்துக்கு எட்டு அளவில் ஒரு கலவை அறை. அடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற இடம் அது.

காரில் ஒரே ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வண்டியில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்து டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தால், ஐந்து வருஷம் வெயிலில் காய்ந்த வண்டியில் அந்தக் கதவு மட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இளிக்கும். வெயில் தின்றது போக மிச்சமிருக்கிற நிறத்துக்கு ஜோடி கலக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் தம்மிடம் இருப்பதாக மாஸ்டர் சொல்லாத நாள் கிடையாது.

"இது படிச்சு வர்றதில்ல சார். வம்சத்துல வர்றது. எங்க தாத்தா, எங்கப்பா, நான், இப்ப வெளியூர்ல என் பையன். ரத்தத்துல இருக்கணும் சார், ரத்தத்துல."

சொல்லும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் வண்டியைச் சுற்றி வருவார். வாடிக்கையாளர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். கலவை அறையிலிருந்து அவர் மனைவி மாஸ்டரம்மா ஐந்து அட்டைகளை அடுக்கிக் கொண்டுவந்து நீட்டுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை நிறம் அடித்துக் காயவைத்திருக்கும். மாஸ்டர் மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து முகம் சுளிப்பார். "சீ, செத்த கலர்" என்று தூக்கி எறிவார். அடுத்த அட்டையைக் கதவில் வைத்து அழுத்துவார். "இதான் சார் உயிர். பாருங்க, கோடு தெரியுதா?"

தெரியாது. கதவும் அட்டையும் ஒன்றாகிவிட்டிருக்கும். வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார்.

மேலிருந்து இரண்டாவது அட்டைதான் சரியான அட்டை. எப்போதும் இரண்டாவதுதான். அப்படித்தான் மாஸ்டரம்மா முப்பத்தொரு வருஷமாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏனென்றால் அந்த மகாமேதைக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

கல்யாணமான மூன்றாவது மாதம் அவளுக்கு அது தெரிந்தது. மழையில் கலவை அறை ஒழுகி, நாற்பது டப்பாக்களின் லேபிளும் ஊறி உரிந்துவிட்டன. மாஸ்டர் நாற்பது டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு, பரீட்சை அறையில் உட்கார்ந்த மக்குப் பையன் மாதிரி முழித்தார். "வெளிச்சம் சரியில்ல" என்றார். அப்போது மணி பகல் பன்னிரண்டு. புது மனைவி ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்து நிறத்தின் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்தாள். அன்றைக்கு அந்த அறைக்குள் போனவள்தான். தின்னர் வாடையில் தலைவலி பழகி, ஒரு துளி கறுப்பு கூடினால் என்ன ஆகும், அரைத் துளி மஞ்சள் குறைந்தால் என்ன ஆகும் என்று அவள் கை கற்றுக்கொண்டது. பெயர் மட்டும் வெளியே முற்றத்தில் வளர்ந்தது.

அவர் ஒரு தடவையாவது நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள். நன்றி சொல்ல வேண்டுமானால் குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாஸ்டர் தமக்குக் குறை இருப்பதைத் தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. மகளைப் பெற அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், கரும்பச்சைக் கார் ஒன்றுக்கு அவர் காப்பிக்கொட்டை நிறத்தில் கதவு அடித்து வைத்திருந்தார். கைக்குழந்தையோடு கேட்டுக்குள் நுழைந்தவள் அதைப் பார்த்தாள். அதே நேரம் வண்டிக்காரரும் வந்து நின்றார். "இது அடிப்பூச்சு சார், இதுக்கு மேலதான் பச்சை வரும்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, பச்சை உடம்போடு கலவை அறைக்குப் போனாள். அன்று சாயங்காலம் மாஸ்டர் திட்டியது யாரை? டப்பாவில் தப்பாக லேபிள் ஒட்டினார்களாம், கம்பெனிக்காரர்களை!

மானத்தைக் காப்பாற்றுவதுதான் மனைவியின் அன்பு என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்சம் பெருமைகூட உண்டு அவளுக்கு. ஊரே மெச்சுகிற கண் யாருடையது என்று தனக்கு மட்டும் தெரியும் என்கிற பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவள் பெற்ற மகளின் வாழ்க்கையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

மகள் விரும்பிக் கட்டிக்கொண்ட பையன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன். ரயில் ஓட்ட ஆசைப்பட்டு, எல்லாப் பரீட்சையிலும் தேறி, நிறம் பார்க்கிற சோதனையில் விழுந்தவன். பெண் கேட்டு வந்த அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டான்.

"மாமா, எனக்குச் சிவப்பு பச்சை சரியாத் தெரியாது. பிறவிலேயே அப்படித்தான். பின்னால தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது பாருங்க."

அன்றிலிருந்து மாஸ்டர் வாயில் அவனுக்கு வேறு பெயர் கிடையாது. கருப்பு வெள்ளை. "வாங்க கருப்பு வெள்ளை, பழைய டிவிப் பெட்டி கணக்கா வந்து நிக்கிறீங்களே!" நாலு பேர் முன்னால், வாடிக்கையாளர்கள் முன்னால், அவன் பெற்ற பிள்ளை முன்னால். அவன் சிரித்துக்கொள்வான். கலவை அறைக்குள் மாஸ்டரம்மாவின் கையில் கலக்கும் குச்சி ஒரு கணம் நிற்கும். பிறகு சுற்றும்.

பேத்திக்கு ஏழு வயது. குட்டி என்று கூப்பிடுவார்கள். அம்மாவோடு விடுமுறைக்கு வந்திருந்தவளிடம் மாஸ்டர், வாடிக்கையாளர் ஒருவர் எதிரில், "குட்டி, அந்தச் சிவப்பு டப்பா மூடியை எடுத்தா பாக்கலாம்! என் பேத்தி சார், கண்ணைப் பாருங்க" என்றார். குட்டி ஓடிப்போய்ப் பச்சை மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாஸ்டருக்கு இரண்டும் ஒன்றுதான். தட்டிக் கொடுத்தார். வாடிக்கையாளர்தான் சிரித்துவிட்டு, "இது பச்சையாச்சே, பாப்பா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பட்டறை அதிர்ந்தது. குழந்தையின் பள்ளி நோட்டை வாங்கி மகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி என்னென்ன நிறம் என்று சொல்லச் சொன்னார். மரத்துக்கு இலை காப்பி நிறம். நாய்க்கு உடம்பு பச்சை. டீச்சர் ஓரத்தில் "கண் பரிசோதனை செய்யவும்" என்று எழுதியிருந்தார். மகள் அதை ஒளித்து வைத்திருந்தாள்.

"கலந்துட்டானா? என் வம்சத்துல குருட்டைக் கலந்துட்டானா கருப்பு வெள்ளை? கண்ணால பொழைக்கிற குடும்பம்டீ இது! இனிமே நீ அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. இன்னொரு பிள்ளையும் இதே மாதிரிப் பெத்துக்கிட்டு வரவா?"

மகளை அழைத்துப்போக வந்த மருமகன் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டான். சண்டை போட்டிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு அவன் சொன்னது வேறு.

"மாமா சொல்றதுல தப்பில்ல அத்தை. என்னால பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சு. நான் கல்யாணமே பண்ணியிருக்கக் கூடாது."

திரும்பிப் போய்விட்டான். நாற்பத்தோரு நாள் அவன் வரவில்லை. போன் செய்தால் எடுப்பான், குழந்தையிடம் பேசுவான், மனைவி வாங்கியதும் குரல் உடைந்து வைத்துவிடுவான். மகள் பழைய கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மாஸ்டர் மட்டும் உற்சாகமாக இருந்தார். கண் டாக்டரிடம் போய், இது தகப்பன் வழியில் வந்த குறை என்று எழுதி வாங்குவார். அந்தக் காகிதத்தோடு வக்கீலிடம் போவார். பிறகு அந்தக் கருப்பு வெள்ளை எப்படிக் கேட் பக்கம் வருவான், பார்த்துவிடலாம்.

"நாள் குறிச்சாச்சு. அவனையும் வரச் சொல்லு. டாக்டர் வாயாலயே கேக்கட்டும்" என்றார் மனைவியிடம்.

அவள் என்ன சொன்னாள்? "சரிங்க" என்றாள். நாற்பத்தோரு நாளும் தொண்டை வரை வந்ததை நாற்பத்தோரு முறை விழுங்கினாள். சொன்னால் மகள் பிழைப்பாள், புருஷன் சாவார். சொல்லாவிட்டால் மகளின் வாழ்வு போகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பாழும் கிணறு. அதோடு அவளுக்கே ஒரு சந்தேகம். அவருடைய குறை மகளுக்கு இல்லையே? மகள் எல்லா நிறத்தையும் டக் டக்கென்று சொல்கிறாளே? அப்புறம் பேத்திக்கு எப்படிப் போயிருக்கும்? மாப்பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்குமோ என்னவோ. மௌனத்துக்கு இப்படி ஒரு சாக்கு கிடைத்ததில், வெட்கக்கேடு, அவளுக்கு நிம்மதிகூட வந்தது.

கண் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவின் அறை சின்னது. ஐந்து பேரும் உள்ளே போனதும் கதவைச் சாத்த இடமில்லை. மேஜை விளக்கின் கீழே ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வட்டம் வட்டமாக வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண். முதல் பக்கம் யாருக்கும் தெரியும், பன்னிரண்டு. இரண்டாவது பக்கத்தில் மகள் எட்டு என்றாள், மாஸ்டரம்மாவுக்கும் எட்டுதான். குட்டிக்கு மூன்று. மருமகனுக்கும் மூன்று.

"அவ்வளவுதான் டாக்டர்!" மாஸ்டர் தொடையைத் தட்டினார். "அப்பனுக்கு என்னவோ, பிள்ளைக்கும் அதேதான். எழுதிக் கொடுத்துடுங்க. அவன் வழிதான்னு."

"அப்படி எழுத முடியாதுங்களே" என்றார் டாக்டரம்மா. "அப்பா மட்டும் கொடுத்து ஒரு பொண்ணுக்கு இது வராது."

மருமகன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். "நிறம் பாக்குறதுக்கான குறிப்பு நம்ம உடம்புக்குள்ள எக்ஸ்னு ஒண்ணு இருக்கே, குரோமோசோம், அதுல இருக்கு. ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணு. அது அம்மா கொடுக்குறது. அதுல பிழை இருந்தா, மாத்துக்கு வேற கிடையாது. நிறம் தெரியாது. பொண்ணுக்கு எக்ஸ் ரெண்டு. ஒண்ணு அம்மா கொடுக்குறது, ஒண்ணு அப்பா கொடுக்குறது. ஒண்ணு பிழையா இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும். நல்லாத்தான் தெரியும். ஆனா அந்தப் பிழை உள்ளுக்குள்ளேயே இருக்கும், பிள்ளைக்குப் போகும். இந்தப் பாப்பாவுக்கு ரெண்டுமே பிழை. ஒண்ணு அப்பா கொடுத்தார். இன்னொண்ணு அம்மா கொடுத்தாதான் உண்டு."

"எனக்கு எல்லாக் கலரும் தெரியுதே டாக்டர்?" என்றாள் மகள்.

"தெரியும்மா. உங்ககிட்ட நல்லது ஒண்ணு இருக்கு, பிழையானது ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டுல பாப்பாவுக்குப் போனது பிழையானது. அது உங்களுக்கு உங்க அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கணும், இல்ல அம்மாகிட்டேர்ந்து."

மாஸ்டரம்மா மகளையே பார்த்தாள். பேத்திக்கு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, இதோ வழி. மகளுக்குள் ஒளிந்து, யார் கண்ணிலும் படாமல், இருபத்தொன்பது வருஷம்!

மாஸ்டர் அசந்து போனாரா? அவரா! ஒரே நொடியில் விரலை மனைவி பக்கம் திருப்பினார்.

"அப்ப இவ வீட்டுலேர்ந்துதான் டாக்டர்! இவ அப்பன் பார்வையே ஒரு மாதிரிதான் இருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம். முப்பத்தொரு வருஷமா என் வீட்டுக்குள்ளயே விஷத்தை வெச்சிருந்திருக்கேன்!"

அவளுடைய அப்பா செத்து இருபது வருஷம். பூ விற்றவர். ரோஜாவில் ஆறு நிறம் பிரித்து அடுக்குவார்.

"அதுவும் நடக்கக்கூடியதுதான்" என்றார் டாக்டரம்மா நிதானமாக. "ஆனா பாத்துடலாமே. நீங்க இந்தப் புத்தகத்தைப் படிங்க. சரியாப் படிச்சிட்டா உங்க மேல ஒண்ணுமில்ல, அம்மா வழின்னு தெரிஞ்சிடும். ரெண்டு நிமிஷ வேலை."

"என் கண்ணையா? ஊர்ல கேட்டுப் பாருங்க டாக்டர், என் கண்ணுக்கு..."

"படிங்கப்பா" என்றாள் மகள்.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, சாவகாசமாக, எதுவும் நடக்காதது போல, "ஏய், வந்து பக்கத்துல நில்லு" என்றார்.

அந்தக் குரல் அவளுக்குப் பழகிய குரல். ஒரு நிமிஷம் முன்னால் விஷம் என்று சொன்ன வாய்தான். அவர் தோளில் விரலால் எட்டுத் தடவை தட்டினால் போதும், அதை எண்ணி அவர் எட்டு என்று சொல்லிவிடுவார். அவளுக்கும் கால் ஒரு அடி எடுத்து வைத்தது, பாருங்கள். அந்தக் கால் முப்பத்தொரு வருஷமாக அப்படியே பழகிவிட்ட கால்.

எடுத்து வைத்த அடியை அவள் பின்னால் வைத்தாள். போய் மருமகன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"டாக்டர், பட்டறையில எல்லாக் கலரையும் நான்தான் பாத்துக் கொடுக்குறேன். கல்யாணமான நாள்லேர்ந்து. இன்னைக்கு இவரே பாக்கட்டும்."

மாஸ்டர் நாற்காலியில் திரும்பினார். "என்ன உளர்றே?"

"பக்கத்தைப் பாருங்க சார்" என்றார் டாக்டரம்மா.

"பன்னிரண்டு!" என்றார் மாஸ்டர், வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே மிடுக்கோடு. டாக்டரம்மா பக்கங்களை வரிசை மாற்றிப் புரட்டினார். இடது கண்ணை மூடினார். திறந்தார். தலையைச் சாய்த்தார். "வெளிச்சம் சரியில்ல." டாக்டரம்மா விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தினார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"மூணு."

குட்டி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். "தாத்தா! எனக்கும் மூணுதான்! அப்பாவுக்கும் மூணு! நாம மூணு பேரும் ஒரே கட்சி!"

அடுத்து ஏழு பக்கம். ஏழிலும் அவர் உளறியதை இங்கே எழுதிப் பயனில்லை.

"அப்ப தெளிவாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட இருக்கிறது ஒரே எக்ஸ், உங்களுக்குப் பொறக்குற பொண்ணுக்கு அதைத்தான் கொடுக்க முடியும். மகளுக்குக் கொடுத்தீங்க. அவங்க பாப்பாவுக்குக் கொடுத்தாங்க. உங்களுக்கு இது உங்க அம்மாகிட்டேர்ந்து வந்தது."

"எங்கம்மாவா?" மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "நினைச்சேன்! அந்தக் கிழவி எனக்குன்னு எதையுமே நல்லதாக் கொடுத்ததில்ல!" செத்துப்போன தாயைக்கூட விடவில்லை மனுஷன். "ஆனா என் பையன் கண்ணு என் கண்ணு டாக்டர். அவனுக்கு எல்லாக் கலரும் துல்லியமாத் தெரியும்."

"பையனுக்கு நீங்க எக்ஸே கொடுக்கலையே சார். கொடுத்திருந்தா அது பொண்ணாப் பொறந்திருக்கும். பையன் கண்ணு இந்தம்மா கொடுத்த கண்ணு."

வம்சத்துக் கண் அத்தோடு முடிந்தது. தாத்தாவும் அப்பாவும் நானும் என்று முற்றத்தில் முழங்கிய பரம்பரை, ஒரு தாளில் பேனாவால் போட்ட நாலு கோட்டில் விழுந்து கிடந்தது. மருமகன் என்ன செய்தான் தெரியுமா? இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மாமனார் தோளைத் தொட்டான்.

"முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும் மாமா. போகப் போகப் பழகிடும்."

அதில் துளி நக்கல் இல்லை என்பதுதான் மாஸ்டருக்குப் பெரிய அடி.

ஆனால் மாஸ்டரம்மா நினைத்தபடி மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வராந்தாவில், குழந்தையைப் புருஷன் தூக்கிக்கொண்ட பிறகு, தாயின் எதிரே வந்து நின்றாள்.

"உனக்கு எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"கல்யாணமாகி மூணாம் மாசம்."

"நாப்பத்தோரு நாள் நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன். நீ சோறு கொண்டாந்து வெச்சே. எனக்கு ராத்திரி தூக்கமில்லன்னு உங்கிட்டதான் சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

மானம், அன்பு என்று அவள் கட்டி வைத்திருந்த பெரிய வார்த்தைகள் எல்லாம் மகளின் அந்தப் பார்வைக்கு முன்னால் பல்லிளித்தன. ஒரு பொய்யனுக்கு முட்டுக்கொடுத்தவளும் பாதிப் பொய்க்காரிதான். மகள், அவள் புருஷன், குழந்தை மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோவதை அவள் ஆஸ்பத்திரிப் படியில் நின்று பார்த்தாள். குட்டி மட்டும் திரும்பிக் கையசைத்தாள்.

மாஸ்டர் நாலு நாள் வெளியே வரவில்லை. அவமானத்தில் ஒடுங்கிவிட்டார், இனி வாய் அடங்கிவிடும் என்று நீங்கள் நினைத்தால், மாஸ்டரை உங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் முற்றத்தில் நின்றுகொண்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் ஆரம்பித்தார்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இது இருநூறு பேருல ஒருத்திக்குத்தான் வருமாம் சார். என் பேத்திக்கு வந்திருக்கு. ரெண்டு பக்கமும் சேந்து வரணும். சாமானியமா? என் ரத்தம் சார், ரத்தம்!"

கேட்டவர், "அப்ப உங்களுக்கும் கலர் தெரியாதா மாஸ்டர்? யார்தான் கலர் பாக்குறது?" என்றார்.

மாஸ்டர் இருமினார். கலவை அறையிலிருந்து மாஸ்டரம்மா வெயிலுக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு அட்டை. அதைத் தானே வண்டிக் கதவில் வைத்துக் காட்டி, "நான்தாங்க. சரியா இருக்கா பாருங்க" என்றாள். வாடிக்கையாளர் தலையாட்டினார்.

"நான் சொல்லிக் கொடுத்தது" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரம்மா தனியாகப் பஸ் ஏறினாள். மகள் வீட்டுக் கதவைத் திறந்தது மருமகன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை, உங்களை அவர் பேசினதெல்லாம் நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தெரிஞ்சே கேட்டுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சேன்னு நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மகளின் குரல் வந்தது, முகம் வரவில்லை.

"வெயில்ல ஏன் நிக்கிறே? உள்ள வா."

அவள் உள்ளே போய்ச் சமையலறை நிலைப்படியில் நின்றாள். மகள் திரும்பாமலே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டரம்மா பக்கத்தில் போய், கழுவி வைத்ததை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். நாலு தட்டு, இரண்டு கிண்ணம்.

"அப்பா என்ன பண்றார்?" என்றாள் மகள் கடைசியில்.

"கேட்டுல நின்னுக்கிட்டு, போற வர்றவங்ககிட்ட தன் கண்ணைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கார்."

மகள் திரும்பினாள். "இன்னுமா?"

"முன்னைவிட அதிகமா" என்றாள் தாய்.